ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம் தூக்கு இல்லை

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி காய்வெட்டு என்று ஒன்று நடக்கும். சொந்தக்காரர்கள் எல்லாம் பந்தலில் உட்கார்ந்து மறுநாள் பந்திக்குக் காய் நறுக்குவார்கள். காய் நறுக்குவது கொஞ்சம், பேச்சு நிறைய. போன வருடம் அப்படி ஒரு ராத்திரியில் செய்தியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கொலையைப் பற்றிப் பேச்சு வந்தது. பெரியப்பா கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். “நாலு பேரைத் தூக்கில போடட்டும், மத்தவன் தானா அடங்குவான்” என்றார். சித்தி மகன் வக்கீல், இளவட்டம். அவன் அரிவாள்மனையில் இருந்து நிமிராமலே, “பெரியப்பா, அதை நம்ம ஊர்லயே பண்ணிப் பாத்தாச்சு. தூக்கு இல்லாத அஞ்சு வருசத்துல திருவிதாங்கூர்ல 962 கொலை. தூக்கு திரும்பி வந்த அஞ்சு வருசத்துல 967. என்ன அடங்கிச்சு?” என்றான். பெரியப்பாவிடம் பதில் இல்லை. பேச்சு அவியலுக்கு முருங்கைக்காய் போதுமா என்று திரும்பிவிட்டது.

மரண தண்டனைக்கு எதிராக எழுதப்படும் கட்டுரைகளில் இந்த ஜோடி எண்களை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். மரண தண்டனை கூடாது என்பதுதான் என் நிலையும். ஆகவே அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு முன்னாள் சிரஸ்தாரை ஒரே வரியில் வாயடைக்க வைக்கிற எண் என்றால், அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கத் தோன்றுகிறது. பிழைப்புக்கு நான் பார்ப்பதும் புள்ளிவிவர வேலைதான். ஒரு கட்டத்தில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நாகர்கோவில்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிதான், மற்றவர்களுக்காக இரண்டு வரி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டோடு இல்லை. அவை திருவிதாங்கூர் அரசின் பகுதி, பிறகு திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. சித்திரைத் திருநாள் மகாராஜாவாகவும் சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாகவும் இருந்த காலத்தில், 1944இல், திருவிதாங்கூர் மரண தண்டனையை ஒழித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியச் சட்டங்கள் இங்கேயும் விரிந்தபோது தூக்கும் கூடவே திரும்பி வந்தது. நடுவில் சில வருடங்கள், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே திருநெல்வேலியில் கொலை செய்தவனுக்குத் தூக்கு உண்டு, மேற்கே தோவாளையில் செய்தவனுக்குக் கிடையாது. ஆராய்ச்சிக்காரர்கள் கனவு காண்கிற மாதிரியான சோதனை நம் வீட்டு வாசலில் நடந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1967இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 35ஆவது அறிக்கையில், இன்றைய நிலையில் மரண தண்டனையை ஒழித்துப் பார்க்கும் பரிசோதனையை இந்தியா எடுக்க முடியாது என்று முடிவு சொன்னது. 1980இல், மரண தண்டனை அரசியல் சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பான பச்சன் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றமும் அந்த அறிக்கையைத்தான் பெரிதும் சார்ந்து நின்றது.

வகுத்துப் பார்த்தால்

962, 967 என்பவை எண்ணிக்கைகள். விகிதங்கள் இல்லை. திருவிதாங்கூரின் மக்கள்தொகை 1931இல் சுமார் 51 லட்சம், 1941இல் சுமார் 61 லட்சம். பத்து வருடத்துக்கு ஏறக்குறைய இருபது சதவீத வளர்ச்சி. அதே வேகம் தொடர்ந்தது என்று வைத்துக்கொண்டால், 1945–50க்கும் 1950–55க்கும் நடுவில் ஆட்கள் பத்து சதவீதம் கூடியிருப்பார்கள். கொலை விகிதம் மாறாமல் இருந்திருந்தால் இரண்டாவது ஐந்தாண்டில் சுமார் 1,058 கொலைகள் நடந்திருக்க வேண்டும். நடந்தது 967. அதாவது, தூக்கு திரும்பிய பிறகு எதிர்பார்த்ததைவிடத் தொண்ணூறு கொலைகள் குறைவு.

இந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வகுத்தல் கணக்கு ஒன்றைப் போட்டதும் அந்த எண் பெரியப்பா பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. தொண்ணூறு உயிர்! அவர் மட்டும் அன்றைக்கு ஒரு பேனாவும் காகிதமும் கேட்டிருந்தால் வக்கீல் தம்பி பாடு திண்டாட்டம்தான். இத்தனை வருடமாக ஒழிப்புக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஜோடி, ஒரு நிமிடக் கணக்கில் தூக்குக்கு ஆதாரமாக மாறுகிறது.

சரி, அப்படியானால் பெரியப்பா ஜெயித்தாரா? இன்னும் கொஞ்சம் தோண்டினால் அதுவும் நிற்கவில்லை. ஆயிரத்தை ஒட்டி வருகிற எந்த எண்ணிக்கையிலும் முப்பது, நாற்பது கூடுவதும் குறைவதும் தற்செயலாகவே நடக்கும். அப்படிப்பட்ட இரண்டு எண்களை ஒப்பிடும்போது தொண்ணூறு என்பது எல்லைக் கோட்டில் நிற்கிற வித்தியாசம்: முழுக்கத் தற்செயல் என்று ஒதுக்கவும் முடியாது, தூக்கின் மகிமை என்று கொண்டாடவும் முடியாது. அப்புறம், எந்த எல்லைக்குள் எண்ணியது? 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தாகிவிட்டது. 1950க்குப் பிறகு ‘திருவிதாங்கூர்’ என்று தனி மாநிலமே கிடையாது. இந்திய தண்டனைச் சட்டம் இங்கே விரிந்தது 1951 ஏப்ரலில். காலத்தைப் பிரிக்கும் கோட்டை 1950இல் கிழித்தால் முதல் ஒரு வருடம் எந்தப் பக்கத்துக் கணக்கு? முதல் ஐந்தாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலகப் போர் முடிகிறது, அரிசிப் பஞ்சம், பட்டாளத்தில் இருந்து ஆட்கள் திரும்புகிறார்கள், 1946 அக்டோபரில் புன்னப்புரா-வயலார் தொழிலாளர் கிளர்ச்சி, அடுத்த வருடம் சுதந்திரம், திவான் ஊரை விட்டே போகிறார். கொலைகள் கூடவோ குறையவோ இத்தனை காரணங்கள் வரிசையில் நிற்கும்போது தூக்குக் கயிற்றைத் தனியாகப் பிரித்தெடுப்பது எப்படி?

பிரித்தெடுக்க ஒரு வழி இருந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் பார்ப்பது. அதே பத்து வருடங்களில் திருநெல்வேலி மாவட்டத்தில் கொலைகள் எப்படி ஏறி இறங்கின? அங்கே தூக்கு ஒருநாளும் நிற்கவில்லை. ஆனால் பஞ்சம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், வரப்புத் தகராறும் ஒன்றுதான், சாதிச் சண்டையும் ஒன்றுதான். அங்கேயும் இதே அளவு குறைந்திருந்தால் தொண்ணூறு உயிரைக் காப்பாற்றிய பெருமை கயிற்றுக்குச் சேராது. அங்கே குறையாமல் இங்கே மட்டும் குறைந்திருந்தால் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் டோனஹியூவும் ஜஸ்டின் வுல்ஃபர்ஸும் 2005இல் இப்படி ஒரு காரியம் செய்தார்கள். அமெரிக்காவின் கொலை விகிதத்தையும் கனடாவின் கொலை விகிதத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டார்கள். கனடா கடைசியாக ஆளைத் தூக்கிலிட்டது 1962இல், சட்டத்தில் ஒழித்தது 1976இல். அமெரிக்காவோ நிறுத்தி, திரும்பத் தொடங்கி, தொண்ணூறுகளில் வேகம் எடுத்தது. இரண்டு கோடுகளும் பல பத்தாண்டுகளாகக் கூடவே ஏறுகின்றன, கூடவே இறங்குகின்றன.

எட்டு உயிர் என்ற எண்

அமெரிக்கா என்றதும் ஐசக் எர்லிக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1975இல் பொருளாதார ஆய்விதழ் ஒன்றில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். 1933 முதல் 1969 வரையிலான நாடு தழுவிய எண்களைச் சமன்பாட்டில் போட்டு, நிறைவேற்றப்படும் ஒவ்வொரு மரண தண்டனையும் ஏழெட்டுக் கொலைகளைத் தடுத்திருக்கலாம் என்றார். மரண தண்டனையே சட்டப்படி செல்லுமா என்று அங்கே உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்துகொண்டிருந்த நேரம். அரசு சார்பில் ஆஜரான சொலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க் இந்தக் கட்டுரையை நீதிமன்றத்திலேயே எடுத்துக்காட்டினார். ஒரு கணக்கு வகுப்பறையில் இருந்து நேராகத் தூக்குமேடை வரைக்கும் நடந்து போன சம்பவம் என்று இதைச் சொல்லலாம்.

வில்லியம் பவர்ஸும் க்ளென் பியர்ஸும் அதே எண்களை எடுத்து, கடைசிச் சில வருடங்களை மட்டும் வெட்டினார்கள். 1960களின் நடுப்பகுதியில் இருந்து வரும் வருடங்களை விட்டுவிட்டால் அந்த ஏழெட்டு உயிர்கள் ஆவியாகிவிடுகின்றன. காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமே இல்லை. அறுபதுகளில் அமெரிக்காவில் மரண தண்டனை நிறைவேற்றம் படிப்படியாகக் குறைந்து 1967க்குப் பிறகு நின்றே போனது. அதே வருடங்களில் கொலை ஏறியது. ஒன்று இறங்க, ஒன்று ஏற, எந்தச் சமன்பாடும் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். ஆனால் அதே காலத்தில் வழிப்பறியும் கார் திருட்டும்கூடத்தான் ஏறின. கார் திருடியவனை அங்கே யாரும் மின்சார நாற்காலியில் உட்கார வைத்ததில்லை. தூக்கு நின்ற தைரியத்தில் கார் திருட்டு கூடியது என்று யாராவது சொன்னால் சிரிப்போம். கொலைக்கு மட்டும் ஏன் சிரிப்பு வரவில்லை?

1976இல் கிரெக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்த ஆய்வுகள் எந்த முடிவுக்கும் கொண்டு சேர்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, மரண தண்டனையைத் தொடர அனுமதித்தது. சண்டை ஓயவில்லை. ஒருத்தர் உயிர் காக்கிறது என்பார், இன்னொருத்தர் தூக்கே கொலையைத் தூண்டுகிறது என்பார், எல்லாரிடமும் சமன்பாடு இருக்கும். கடைசியில் 2012இல் அங்கே தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில், டேனியல் நாகின் தலைமையில் ஒரு குழுவை உட்கார வைத்து முப்பது வருடத்து ஆய்வுகளைப் புரட்டியது. மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, ஒன்றும் செய்யவில்லையா என்று இந்த ஆய்வுகளால் சொல்ல முடியாது, கொள்கை வகுக்க இவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று அந்தக் குழு சொல்லிவிட்டது. எனக்கு இது பெரிய நிம்மதி. கணக்குத் தெரிந்தவர்கள் ‘இதற்கு எங்கள் கணக்கு பத்தாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

கொலைக்கே இந்தப் பாடு என்றால் மற்ற குற்றங்களைக் கேட்கவே வேண்டாம். கொலையிலாவது பிணம் இருக்கும், எண்ணியாக வேண்டும். என் செல்போன் பஸ்ஸில் பறிபோனபோது, ‘திருட்டு’ என்று எழுதியிருந்த மனுவை ஸ்டேஷனில் திருப்பிக் கொடுத்து, ‘தவறிவிட்டது’ என்று எழுதிவரச் சொன்னார்கள். எழுதினேன். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீது கையில் வந்தது. அந்த வருடம் அந்த ஸ்டேஷன் கணக்கில் ஒரு திருட்டு குறைந்தது. இதையே பாலியல் குற்றங்களுக்குப் போட்டுப் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்த ஆள். 2018இல், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமிகள் மீதான வல்லுறவுக்கு மரண தண்டனை வரை கொடுக்கலாம் என்று சட்டம் வந்தது. செய்தவன் மாமனோ சித்தப்பனோ என்றால், தூக்கு வரும் என்று தெரிந்த வீட்டில் எத்தனை பேர் புகார் கொடுக்கப் படியேறுவார்கள்? புகார் குறைந்தால் கணக்கில் குற்றம் குறையும். பார்த்தீர்களா, பயம் வந்துவிட்டது என்று ஒரு வரைபடமும் வரும்.

கயிறு யாரைத் தேடுகிறது

தண்டனையும் புள்ளிவிவரமும் சேரவே சேராது என்று இதற்கு அர்த்தம் இல்லை. தடுப்புப் பயம் என்பது மனசுக்குள் நடக்கிறது. நடக்காத கொலையை யாரும் எண்ண முடியாது. ஆனால் கொடுத்த தண்டனையை எண்ணலாம். யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்பதெல்லாம் கோப்பில் இருக்கிறது. இந்தக் கேள்வியில் கணக்கின் கை ஓங்கி நிற்கிறது. நீதிமன்றங்கள் கூச்சப்படுவதும் இங்கேதான்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1978இல், அட்லாண்டாவில் ஒரு மரச்சாமான் கடைக் கொள்ளையின்போது போலீஸ் அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வாரன் மெக்ளெஸ்கி என்ற கறுப்பினத்தவருக்கு மரண தண்டனை கிடைத்தது. இறந்த அதிகாரி வெள்ளையர். பிறகு, தண்டனையை எதிர்த்து, மெக்ளெஸ்கி தரப்பு, டேவிட் பால்டஸ் என்ற சட்டப் பேராசிரியரும் அவருடைய இரண்டு சகாக்களும் செய்த ஆய்வைக் கொண்டுவந்து வைத்தது. எழுபதுகளில் ஜார்ஜியாவில் நடந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கொலை வழக்குகளை அவர்கள் ஒவ்வொன்றாகப் புரட்டியிருந்தார்கள். இறந்தவர் வெள்ளையர் என்றால் நூற்றுக்குப் பதினொரு வழக்கில் மரண தண்டனை. இறந்தவர் கறுப்பினத்தவர் என்றால் நூற்றுக்கு ஒன்று. எர்லிக் கதையைப் படித்தவர்கள் உடனே கேட்க வேண்டிய கேள்வி: வழக்குகள் ஒரே மாதிரியா? ஒரு பக்கம் கொள்ளையும் சித்திரவதையும் சேர்ந்த கொலைகளாகவும் இன்னொரு பக்கம் குடிச் சண்டைகளாகவும் இருக்கலாமே? பால்டஸ் அதற்காகத்தான் உழைத்திருந்தார். கொலை எப்படி நடந்தது, முன்குற்றம் உண்டா, எத்தனை பேர் செத்தார்கள் என்று இனம் சாராத 230 விஷயங்களைக் குறித்து வைத்திருந்தார். அவற்றில் முக்கியமான 39ஐச் சமன்பாட்டில் சேர்த்துக் கழித்த பிறகும், வெள்ளையரைக் கொன்றவருக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு 4.3 மடங்காக நின்றது. அரசு வழக்கறிஞர்கள் மரண தண்டனை கேட்பதிலேயே சாய்வு இருந்தது. கறுப்பினத்தவர் வெள்ளையரைக் கொன்ற வழக்குகளில் நூற்றுக்கு எழுபதில் கேட்டார்கள், கறுப்பினத்தவர் கறுப்பினத்தவரைக் கொன்றால் பதினைந்தில்.

1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. ஐந்துக்கு நான்கு. ஆய்வு சரியானது என்றே வைத்துக்கொண்டாலும், இந்த ஒரு வழக்கில் இந்த ஜூரி இனத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பளித்தது என்று அது நிரூபிக்கவில்லை என்றார் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல். இதை ஏற்றுக்கொண்டால் நாளைக்கு எல்லாத் தண்டனைகளையும் இப்படிக் கேள்வி கேட்பார்களே என்ற கவலையும் அதே தீர்ப்பில் இருந்தது. நீதி அளவுக்கு மீறி வந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள் என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி பிரென்னன் குத்திக்காட்டினார். பவல் ஓய்வு பெற்ற பிறகு அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர், எந்த வழக்கிலாவது வாக்கை மாற்றிக்கொள்வீர்களா என்று கேட்டபோது, மெக்ளெஸ்கி வழக்கில் என்றார். 1991 செப்டம்பரில் மெக்ளெஸ்கி மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்.

ஒரு ஆளின் மனசில் என்ன பயம் இருந்தது என்பதற்கு ஏழெட்டு உயிர் என்ற தள்ளாடும் எண்ணைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வரலாம், அது வாதம். ஒரு அமைப்பு இரண்டாயிரம் வழக்குகளில் எப்படி நடந்துகொண்டது என்ற எண்ணைக் கொண்டுவந்தால் மட்டும், ‘உன் ஒரு வழக்கில் நிரூபி’ என்பார்கள். நூற்றுக்கு இத்தனை என்று பேசத் தெரிந்தவர்கள் நீதிமன்றத்தில் இதைவிட எரிச்சலான இடத்தைப் பார்த்திருக்க முடியாது.

நம் ஊரில் பால்டஸ் அளவுக்கு நெருக்கமான கணக்கு ஒன்று என் கண்ணில் படவில்லை. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் இருந்து 2016இல் வந்த மரண தண்டனை அறிக்கை, தண்டனைக்காகக் காத்திருப்பவர்களைச் சிறை சிறையாகப் போய்ச் சந்தித்து எழுதியது. அவர்களில் நூற்றுக்கு 74 பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். ஆனால் நம் சிறைகளில் யாரை எடுத்தாலும் பெரும்பாலும் ஏழைகள்தான். ஆகவே கயிறு ஏழையைத் தேடுகிறதா, சிறையே ஏழையைத் தேடுகிறதா என்பதை அந்த ஒரு எண் மட்டும் சொல்லாது. எனக்கு அதைவிட உறைப்பாகப் பட்ட எண் வேறு. இந்த நூற்றாண்டின் முதல் பதினைந்து வருடங்களில் கீழ் நீதிமன்றங்கள் தூக்கு விதித்தவர்களில் உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியானது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. மீதிப் பேருக்குத் தண்டனை குறைந்திருக்கிறது, அல்லது ஆளே விடுதலை. ‘அரிதினும் அரிதான’ வழக்கில் மட்டும்தான் தூக்கு என்பது பச்சன் சிங் தீர்ப்பு வைத்த அளவுகோல். ‘அரிதினும் அரிது’ என்று ஒரு நீதிபதி எழுதியதை இன்னொரு நீதிபதி இத்தனை தடவை அடிக்கிறார் என்றால், நடுவில் இருக்கும் வித்தியாசம் எது? குற்றமா, வக்கீலா, அந்த அமர்வில் உட்கார்ந்த ஆட்களா? பச்சன் சிங் வழக்கில் தனியாக நின்ற நீதிபதி பகவதி 1982இல் வெளியிட்ட மாறுபட்ட தீர்ப்பில் கேட்டது இதைத்தான். அவர் கேட்டதற்குப் பதில் சொல்லத் தேவையான எண்கள் இருக்கின்றன, யாரும் சேர்த்துவைக்கவில்லை.

சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. செஷன்ஸ் கோர்ட் தீர்ப்புகள் இப்போது இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்ட வாரியாகக் கிடைக்கின்றன. ஒரு மாவட்டத்தை எடுத்து, பத்து வருடத்தில் கொலைக்காக (2024 ஜூலைக்கு முன் நடந்தவற்றுக்கு இந்திய தண்டனைச் சட்டம் 302, பிறகு பாரதிய நியாய சன்ஹிதா 103) தண்டனை கொடுத்த எல்லாத் தீர்ப்புகளையும் இறக்கி, ஒரு எக்செல் தாளில் ஏற்ற வேண்டும். தூக்குக் கிடைத்தவை மட்டும் போதாது, கிடைக்காதவைதான் முக்கியம். வழக்கறிஞர் சொந்தமா, சட்ட உதவி மையம் கொடுத்தவரா, குற்றவாளியின் தொழில், இறந்தவரின் தொழில், சாட்சிகள் எத்தனை பேர் பிறழ்ந்தார்கள், தண்டனை பற்றிய வாதம் என்றைக்கு நடந்தது. இந்தக் கடைசிக் கட்டம் எனக்கு ரொம்ப முக்கியம். குற்றவாளி என்று சொன்ன அன்று மதியமே தண்டனையையும் சொன்ன வழக்குகள் எத்தனை என்று தெரிய வேண்டும். சட்டக் கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேர் கோடை விடுமுறையில் உட்கார்ந்தால் ஒரு மாவட்டம் முடியும். வக்கீல் தம்பியிடம் கேட்டேன், இரண்டு ஜூனியர்களைத் தருகிறேன் என்றிருக்கிறான். சாதி பற்றிய கட்டத்தை எப்படி நிரப்புவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. தீர்ப்பில் அது சில வழக்குகளில் இருக்கிறது, பலவற்றில் இல்லை.